நெருப்பைச் சுற்றி ஒரு ஸ்டாஃப் ரூம்

ஆசிரியர் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. பக்கத்து மேசைக்காரரோடு வருஷக்கணக்காகப் பழகுகிறோம். அவர் எந்த வகுப்புக்குக் கிளம்பும்போது பெருமூச்சு விடுவார், சிவப்பு மை தீர்ந்தால் யாரிடம் கடன் கேட்பார், மகளுக்கு எப்போது பரீட்சை, எல்லாம் தெரியும். ஆனால் அவர் எந்தக் காரியத்துக்காகச் சம்பளம் வாங்குகிறாரோ, அந்தக் காரியத்தை அவர் செய்து நாம் பார்த்ததே இருக்காது. ஒரு கொத்தனாருக்குப் பக்கத்துக் கொத்தனார் கட்டும் சுவர் கண்முன்னால் எழும்பும். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மணி அடித்ததும் ஆளுக்கொரு கதவைத் திறந்து உள்ளே போய்விடுவோம். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் பாடம் நடத்தி நான் முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் அல்ல. மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றில், கூடாரம் போட்டுத் தங்கிய ஒரு ராத்திரியில். நான் ஓய்வு பெற்று இத்தனை காலமான பிறகும், வேலை பார்த்த வருஷங்களை நினைத்தால் முதலில் மேலே வருவது அந்த ராத்திரிதான்.

அது கையில் போன் இல்லாத காலம். தேர்வு முடிந்து, விடைத்தாள் கட்டுகளைத் திருத்தி ஒப்படைத்துவிட்டு, எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தோம். உடற்கல்வி ஆசிரியரை, பி.டி. சாரை, எங்களுக்கெல்லாம் பிடிக்கும். சாரணர் படையின் கூடாரங்களைப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார் அவர். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த உயிரியல் டீச்சர், "சார், இதுல நாமளே ஒரு ராத்திரி படுத்தா என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் தலைமையாசிரியரிடம் அனுமதி. பழைய மாணவர் ஒருவர், "எங்க தோப்பு சும்மாதான் கிடக்கு, வாங்க" என்றார். குளிர்கால விடுமுறையின் முதல் நாளே கிளம்பிவிட்டோம்.

நிகழ்ச்சி நிரல் எதுவும் கிடையாது. விளையாட்டுப் போட்டி, பரிசு, குழுப் படம், யாருடைய உரையும் கிடையாது. கூடாரங்கள், போர்வைகள், ஒரு பம்ப் ஸ்டவ், பெரிய பாத்திரம் ஒன்று, ஒரு சாக்கு உருளைக்கிழங்கு, தேயிலை, சர்க்கரை, டார்ச்சுகள். பிறகு நாங்கள். ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டோம். "நான் எதுக்கு டீச்சர், நீங்கள்லாம் பேசிக்கிட்டு இருப்பீங்க" என்று தயங்கியவர், ஸ்டவ்வை யார் பற்றவைப்பது என்று கேட்டதும் வர ஒப்புக்கொண்டார்.

தோப்பின் நடுவே ஓர் ஓடை. அதன் கரையில் புல் மெத்தென்று இருந்தது. நாங்கள் பைகளை இறக்கி வைக்கப் போனபோது புவியியல் சார் தடுத்தார். "இங்க வேண்டாம். மேல போவோம்." பார்க்க இவ்வளவு அழகாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டுக் கல்லும் கரடுமான மேட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்டோம். அவர் இரண்டு காரணம் சொன்னார். மலைமேல் எங்கோ மழை பெய்தால், இங்கே ஒரு துளி விழாமலே ஓடையில் தண்ணீர் ஏறும். அது ஒன்று. இரண்டாவது, ராத்திரி தரை குளிரும்போது அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. கனமானது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். "நம்ப வேண்டாம். ராத்திரி நானே காட்டறேன்" என்றார்.

சொன்னபடியே காட்டினார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்து, டார்ச்சை அணைத்துவிட்டு, மேட்டிலிருந்து ஓடைப் பக்கம் மெதுவாக நடக்கச் சொன்னார். காற்றே அசையவில்லை. ஏதோ ஓர் இடத்தில் கணுக்காலில் சில்லென்றது. இன்னும் சில அடி இறங்கினால் முழங்கால். பிறகு இடுப்பு. குளத்தில் இறங்கும்போது தண்ணீர் ஏறுவதை எப்படி உணர்வோமோ அப்படி அந்தக் குளிரின் மட்டம் உடம்பில் ஏறியது. பள்ளத்தாக்குகளில் உறைபனி ஏன் முதலில் படிகிறது, பழத்தோட்டக்காரர்கள் ஏன் சரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அங்கேயே நின்றபடி சொன்னார். அவர் பத்தாம் வகுப்புக்குக் காலநிலைப் பாடம் நடத்தும் அறை என் அறைக்கு அடுத்தது. நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்தான். அத்தனை வருஷமாக அதன் மறுபக்கம் இப்படி ஒரு மனிதர் நின்று பேசிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கூடாரம் அடித்த கதையை நீட்ட வேண்டியதில்லை. பி.டி. சார் சொல்லிக்கொடுத்தார், நாங்கள் செய்தோம். ஒன்றைமட்டும் சொல்ல வேண்டும். முளைக்குச்சியை நேராக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். அப்போதுதான் கயிறு இழுக்க இழுக்கக் குச்சி மண்ணைவிட்டு வெளியே வராமல் பிடித்து நிற்கும். இதை அவர் வாயால் சொல்லவில்லை. நேராக அடித்த குச்சி ஒன்று, சாய்த்து அடித்த குச்சி ஒன்று, இரண்டிலும் கயிறு கட்டி என் கையில் கொடுத்து, "இழுங்க டீச்சர்" என்றார். முதல் குச்சி கையோடு வந்தது. இரண்டாவது வரவில்லை. "சரி, அடுத்த முளை" என்று நகர்ந்துவிட்டார். மைதானத்தில் நாள் முழுக்க விசில் ஊதிக்கொண்டிருப்பவர் என்றுதான் பள்ளியில் பலரும் அவரைப் பற்றி நினைத்தார்கள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் ஒரு கருத்தைக் கைக்குள் கொண்டுவந்து வைக்கத் தெரிந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

ஆய்வக அண்ணனின் ஸ்டவ்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரியில்லாத அந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் புழங்கியவர்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு நிதானம் தேவை. முதலில் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடாக்க வேண்டும். குழாய் போதுமான அளவு சூடேறினால்தான் உள்ளே ஏறும் எண்ணெய் ஆவியாகும். அதற்குமுன் பம்ப் அடித்தால் எண்ணெய் அப்படியே பீய்ச்சி மஞ்சளாகப் புகைந்து எரியும். அண்ணன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பிரிட் அணையப்போகும் அந்த நொடியில் இரண்டே பம்ப். மஞ்சள் தீ நீலமாக மாறி 'ஹோ' என்று இரைய ஆரம்பித்தது. "சத்தம் ஒரே சீரா இருந்தா சரி. விட்டுவிட்டு வந்தா ஓட்டை அடைச்சிருக்கு, பின் போடணும்" என்றார்.

நான் வரலாறு நடத்துகிறவள். ஊர் திரும்பியதும் அந்த ஸ்டவ்வின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். சுவீடனில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892-இல் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்தான் இதற்கெல்லாம் மூதாதை. 1911-இல் தென் துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் குழு பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் காய்ச்சியதும் 1953-இல் எவரெஸ்ட் ஏறியவர்கள் கொண்டுபோனதும் அந்த வகை அடுப்புதான். விடுமுறை முடிந்து இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அடுத்த வாரமே, கண்டுபிடிப்புகள் பற்றிய பாடத்துக்கு அவரையும் ஸ்டவ்வையும் ஒன்பதாம் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் அன்றிலிருந்து அவரையும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இருட்டத் தொடங்கியதும் நெருப்பு மூட்டினோம். வேதியியல் டீச்சர் எங்களில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அரட்டை அடிக்கும்போது ஓரமாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். சுள்ளியின்மேல் தடித்த விறகை வைத்துவிட்டு அது பிடிக்கவில்லையே என்று நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து வந்து, பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். அதைக் கொளுத்தினார். நன்றாக எரிந்ததும் ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெண்மையாக ஒரு கோடு மேலே எழுந்தது. எரியும் தீக்குச்சியைத் திரிக்கு அருகில் கொண்டுபோகாமல், ஒரு விரல் உயரத்தில் அந்தப் புகைக்கோட்டில் காட்டினார். தீ புகை வழியே குதித்துக் கீழே இறங்கித் திரியைப் பிடித்துக்கொண்டது.

யாரும் பேசவில்லை. "இன்னொரு தடவை, டீச்சர்" என்றார் கணக்கு சார்.

மறுபடி செய்தார். பிறகுதான் வாயைத் திறந்தார். "மெழுகு எரியல. மெழுகோட ஆவிதான் எரியுது. விறகும் அப்படித்தான். சூடு ஏறினா கட்டை சிதைஞ்சு வாயு வெளியே வரும், அதுதான் ஜ்வாலை. ஈரக் கட்டைன்னா வர்ற சூடெல்லாம் தண்ணியை விரட்டவே போயிடும். அதனால முதல்ல சின்னது, காய்ஞ்சது. அதோட சூட்டுல பெருசு." கனன்று கிடந்த கரியைக் காட்டி, "இதுல வாயு எல்லாம் போயாச்சு, கரி மட்டும். அதான் ஜ்வாலை இல்லாம எரியுது" என்றார்.

மைக்கேல் பாரடே லண்டனில் இளைஞர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி 1848-இலும் மறுபடி 1860-இலும் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார் என்றும், அதில் இந்தப் புகைச் சோதனையும் ஒன்று என்றும் சொன்னார். கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனவர் என்று பாரடேயைப் பற்றி அவர் சொன்னபோது குரல் லேசாக நடுங்கியது. அவருடைய அப்பாவும் அச்சகத்தில் வேலை பார்த்தவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உருளைக்கிழங்குகளை அந்தக் கரிக்குள் புதைத்துவிட்டு, அவரை எல்லோரும் இன்னும் பேச வைத்தோம்.

பிறகு கணக்கு சார்.

அவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிதானிக்கிறது. அவர் இப்போது இல்லை. கண்டிப்பானவர் என்று பெயர். அவர் பீரியட் என்றால் வராண்டாவே அமைதியாகிவிடும். பிள்ளைகள் அவரைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கண் பழக வேண்டும் என்று உயிரியல் டீச்சர் எங்கள் டார்ச்சுகளைப் பிடுங்கிக்கொண்டார். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒருமுறை வெள்ளை வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. எங்களில் இளையவள், மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர், வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவள், கைவேலைப் பெட்டியையும் கூடவே கொண்டுவந்திருந்தாள். அதிலிருந்து சிவப்பு ஜிகினாக் காகிதம் போல மினுங்கும் செல்லோபேனை வெட்டி டார்ச் முகத்தில் ரப்பர் பேண்டால் கட்டினாள். நெருப்பைவிட்டு விலகி, மேட்டின் மறுபக்கம் போய்ப் போர்வைகளை விரித்துப் படுத்தோம்.

முதலில் கொஞ்சம் நட்சத்திரம். பிறகு நிறைய. பிறகு எண்ணவே தோன்றாத அளவுக்கு. கார்த்திகைக் கூட்டத்தை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார் உயிரியல் டீச்சர். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன என்றார். அப்படிப் பார்த்ததும் மங்கலாகத் தெரிந்த கூட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று புள்ளிகள் முளைத்தன.

கணக்கு சார் கையை நீட்டி முஷ்டியை மடக்கினார். "கையை முழுசா நீட்டிப் பிடிச்சா முஷ்டியோட அகலம் வானத்துல பத்து டிகிரி. சுண்டு விரல் ஒரு டிகிரி."

"என் கை சின்னது சார், எனக்கு எப்படிப் பத்து டிகிரி வரும்?" என்று கேட்டாள் சின்ன டீச்சர்.

அவர் பதில் சொல்லவில்லை. பி.டி. சாரை எழுப்பி அவள் பக்கத்தில் நிற்கவைத்தார். பி.டி. சார் ஆறடிக்கு மேல். இவள் அவர் தோளுக்கும் கீழே. ஓரியன் கூட்டத்தின் தோளில் சிவப்பாக மின்னும் திருவாதிரையையும் அதன் காலில் வெண்ணீலமாக ஒளிரும் ரைஜெலையும் காட்டி, "ரெண்டுக்கும் நடுவுல எத்தனை முஷ்டின்னு அளங்க, சத்தமா சொல்லாதீங்க" என்றார். இருவரும் அளந்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே விடை: இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு.

அதற்குப் பிறகும் அவர் விளக்கவில்லை. காத்திருந்தார். இருட்டில் அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. நானாக இருந்தால் அதற்குள் மூன்று தடவை விடையைச் சொல்லியிருப்பேன். கடைசியில் சின்ன டீச்சரே மெதுவாகச் சொன்னாள்: "அவர் கை பெருசு... ஆனா தூரமாவும் இருக்கு. என்னோடது சின்னது, ஆனா கண்ணுக்குக் கிட்ட இருக்கு. விகிதம் ஒண்ணுதான்."

"அவ்வளவுதான் முக்கோணவியல்" என்றார் கணக்கு சார்.

வடக்கே டபிள்யூ வடிவத்தில் கிடந்த கசியோபியாவைப் பிடித்துத் துருவ நட்சத்திரத்தைக் காட்டினார். அது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. நாங்கள் முஷ்டியால் அளந்து சொன்னதும் புவியியல் சார் தன் மனதில் இருந்த எண்ணைச் சொன்னார். ஓரிரண்டு டிகிரிக்குள் பொருந்தியது. "இங்கேர்ந்து நேரா வடக்கே 111 கிலோமீட்டர் போனா அது ஒரு டிகிரி ஏறும்" என்று கணக்கு சார் சொல்ல, புவியியல் சார் உற்சாகமாகி எரடோஸ்தனிசைக் கொண்டுவந்தார். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், இரண்டு ஊர்களில் நண்பகல் வெயில் விழும் கோணத்தில் உள்ள வித்தியாசம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்து, அதை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர் அவர். ஒரே பாடத்தை இரண்டு பேரும் வேறு வேறு வகுப்புகளில், வேறு வேறு மாதங்களில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் அது தெரியாது.

சிரியஸ் மேலே வந்ததும் கணக்கு சார் சின்ன டீச்சர் பக்கம் திரும்பினார். "அதோட வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வர எட்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். உங்க மூணாம் வகுப்புப் பசங்க பிறந்தப்போ கிளம்பின வெளிச்சம்தான் டீச்சர் இப்ப வந்து சேருது."

இந்த மனிதரைக் கண்டு பிள்ளைகள் பயந்திருக்கவே முடியாது என்று எனக்கு அப்போது தோன்றியது. அந்த வராண்டா அமைதிக்குக் காரணம் வேறு. அவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பைப் பற்றிப் பின்னால் ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் அவர் கண்டார். பயிற்சியில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தத் தோப்பும் இருட்டில் விடைக்காகக் காத்திருந்த கணக்கு சாரும்தான் நினைவில் இருந்தார்கள்.

நெருப்புக்குத் திரும்பினோம். கிழங்குகள் வெந்திருந்தன, கருகிய தோலை உரித்து, உப்பு தொட்டு, விரலைச் சுட்டுக்கொண்டு தின்றோம். என் முறை வந்தபோது நான் பிரடெரிக் கன் என்ற ஆசிரியரின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சின்னப் பள்ளி ஒன்றை நடத்தியவர். 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டபோது மாணவர்களுக்குப் படைவீரர்களைப் போலக் கூடாரத்தில் தங்க வேண்டும் என்று ஆசை. அவரும் மனைவி அபிகெயிலும் பள்ளி முழுவதையும் நடத்தியே ஏறத்தாழ 40 மைல் தூரத்தில் இருந்த கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரமடித்துத் தங்கினார்கள். பிள்ளைகளுக்கான முகாம் என்ற வழக்கம் அந்நாட்டில் அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். "ஆக, இதை ஆரம்பிச்சதே வாத்தியார்தான்" என்று பி.டி. சார் மகிழ்ந்து போனார்.

தமிழ் ஐயா கடைசியாக ஒரு கதை சொன்னார். எதிலும் எழுதப்படாத கதை, அவருடைய பாட்டி சொன்னது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் குரல் இல்லாமல் அது நிற்காது. பூச்சிகளின் சத்தம் கதைக்கு இடையே புகுந்துகொண்டே இருந்தது. இரவு குளிரக் குளிர அந்தச் சத்தம் இடைவெளி விட்டு மெதுவாவதை உயிரியல் டீச்சர் எனக்கு மட்டும் காதில் சொன்னார்.

பெண்கள் எல்லோரும் ஒரே கூடாரம். போர்வையைப் போர்த்திக்கொள்வதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்று பி.டி. சார் வெளியிலிருந்து சத்தம் போட்டதால் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் எல்லாவற்றையும் விரித்திருந்தோம். தூக்கம் வரவில்லை. பேச்சு குறைந்து நின்றபோது சின்ன டீச்சர் சொன்னாள், தான் வேலையை விட்டுவிடலாம் என்று இருப்பதாக.

வகுப்பில் சத்தம் அடங்குவதில்லை. ஒரு பையன் தினமும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். என்ன செய்தாலும் வருவதில்லை. ஒருநாள் வராண்டாவில் போன யாரோ எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். காலையில் பள்ளி வாசலைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. இதை ஸ்டாஃப் ரூமில் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். எங்களோடு தினமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான்.

அறிவுரை ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் வேதியியல் டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு முதல் வருஷம் லேப்ல ஒரு பொண்ணு டெஸ்ட் டியூப் எல்லாத்தையும் வேணும்னே போட்டு உடைக்கும். நான் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருவேன்" என்றார். உயிரியல் டீச்சர் தன் கதையைச் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன். அப்படியே விடியும்வரை போயிற்று. யாரும் யாருக்கும் தீர்வு சொல்லவில்லை. விடியற்காலையில் வேதியியல் டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று: "திங்கட்கிழமை மூணாவது பீரியட் எனக்கு ஃப்ரீ. உன் வகுப்புல பின்னாடி வந்து உட்காரட்டுமா? எதுவும் சொல்லமாட்டேன். சும்மா உட்காருவேன்."

காலையில் கூடாரத்தின் உட்புறம் முழுக்க எங்கள் மூச்சு நீர்த்துளியாகப் படிந்து சொட்டிக்கொண்டிருந்தது. தேநீர் குடித்தோம். நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்குள் கையை விட்டுச் சூடு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பி.டி. சார் கிளம்பவிட்டார்.

வகுப்பறையில் இன்னொரு ஆசிரியர் வந்து உட்கார்கிறார் என்றால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே பொருள்தான்: இன்ஸ்பெக்‌ஷன். கை வியர்க்கும், குரல் மாறும், பிள்ளைகள்கூட விறைப்பாகிவிடுவார்கள். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை வேதியியல் டீச்சர் மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பையன் மேசைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தான். வயதான டீச்சர் ஒருவர் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பது அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சில வாரங்களில் அவன் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார ஆரம்பித்தான். பிறகு நாங்களும் போனோம். நான் கணக்கு சாரின் எட்டாம் வகுப்புக்கு, அவர் என் வகுப்புக்கு, புவியியல் சார் தமிழ் ஐயாவின் வகுப்புக்கு. எல்லாம் ஃப்ரீ பீரியட் கிடைத்தபோது, சப்ஸ்டிட்யூஷன் வந்து விழாத நாட்களில். யாரும் உத்தரவு போடவில்லை, பதிவேடும் கிடையாது. அந்தப் பழக்கம் நாங்கள் ஒவ்வொருவராக இடமாற்றமாகிப் போகும்வரை இருந்தது.

அதற்குப் பின்னால் வேலை பார்த்த பள்ளிகளில் ஆசிரியர் சுற்றுலாக்களுக்குப் போயிருக்கிறேன். நல்ல பேருந்து, நல்ல விடுதி, நல்ல சாப்பாடு. பயணத்தில் பாட்டு, இறங்கினால் படம். திரும்பும்போது எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். எதையும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒருவருக்கு ஒருவர் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் வேறு யாரோ செய்துவைத்திருந்தார்கள். தோப்பில் நெருப்பு வேண்டுமென்றால் வேதியியல் டீச்சர் வேண்டும், படுக்க இடம் வேண்டுமென்றால் புவியியல் சார் வேண்டும், தேநீர் வேண்டுமென்றால் அண்ணன் வேண்டும். ஒருவருடைய அறிவு இன்னொருவருக்குச் சோறாகவும் தூக்கமாகவும் மாறியது அங்கேதான். பணம் கொஞ்சமாக இருந்ததால் நடந்த நல்லது அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சின்ன டீச்சர் வேலையை விடவில்லை. இப்போது ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. சென்ற மாதம் போன் செய்தாள். அவள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறைய. ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லையாம், எல்லாம் குழுவில் வரும் செய்திகள்தானாம். "டீச்சர், டென்ட் நான் ஏற்பாடு பண்றேன். நீங்க, புவியியல் சார், அண்ணன், எல்லாரும் வாங்க. எங்க ஸ்டாஃபும் வருவாங்க" என்றாள். புவியியல் சாருக்கு முழங்கால் வலி, ஆனால் மேட்டைத் தேர்ந்தெடுக்கத் தான் இல்லாமல் முடியாது என்கிறார். அண்ணன் ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்றிவிட்டார். கூட்டம் அதிகமானால் பேச்சு சிதறிவிடும், ஒரு நெருப்பைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அப்படியானால் இரண்டு நெருப்பு போடலாம் என்கிறாள் அவள். எந்த நெருப்பில் யார் என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.